இயைபும் செந்தொடையும்: ஆங்கிலச் செய்யுள் நாடகத்தின் இரண்டு குரல்கள்

ஷேக்ஸ்பியரின் ‘மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்தில் இரண்டாம் அங்கத்தின் கடைசிக் காட்சி. காட்டுத் தரையில் லைசாண்டர் தூங்குகிறான். குறும்புக்காரனான பக் அவன் இமைகளில் மாய மலர்ச்சாற்றைப் பிழிந்துவிட்டுப் போயிருக்கிறான். கண் விழித்ததும் முதலில் யாரைப் பார்க்கிறானோ அவர்மீது பித்தாகிவிடுவான். அந்த வழியாக ஹெலினா வருகிறாள். கிடப்பவனுக்கு உயிர் இருக்கிறதா என்று பதறி எழுப்புகிறாள். அவள் அடி ‘அவேக்’ என்று முடிகிறது. கண் திறந்த லைசாண்டர், உனக்காக நெருப்பிலும் ஓடுவேன் என்கிறான். அவன் அடி ‘சேக்’ என்று முடிகிறது.

காதலி ஹெர்மியாவுக்காக வீட்டையும் நாட்டையும் துறந்து வந்தவன், இன்னொருத்தியின் அடிக்கு இயைபு சேர்த்துக்கொண்டே எழுகிறான். அவன் சொன்னதன் பொருள் மனத்தில் பதிவதற்கு முன்பே அந்த ஓசைப் பொருத்தம் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. யோசித்துப் பேசுகிறவன் இப்படிப் பேச மாட்டான். மருந்து பேசுகிறது. ஒரு மனம் தன் வசம் இழந்துவிட்டதைக் காட்ட ஷேக்ஸ்பியருக்கு ஒரே ஓர் இயைபு போதுமாயிற்று.

நம் கல்லூரி வகுப்புகளில் ‘பிளாங்க் வெர்ஸ்’ என்றால் ஒற்றை வரியில் விளக்கம் சொல்லி முடித்துவிடுகிறோம்: இயைபு இல்லாத ஐஞ்சீர் அடிகளால் ஆன செய்யுள். விளக்கத்தில் பிழையில்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்த மாணவருக்கு, நாடகத்தில் எந்த இடத்தில் இயைபு வந்தது, எந்த இடத்தில் நின்றது, ஏன் என்ற கேள்வி எழுவதே இல்லை. ஆங்கில நாடகமோ இந்தக் கேள்வியோடு நானூறு ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறது. இயைபோடு பிறந்தது, அதை உதறியது, மறுபடி கைக்கொண்டது, மறுபடி கைவிட்டது. அந்த வரலாற்றை முழுதாகப் பார்த்தால் எது உயர்ந்தது என்ற வழக்கு தானாகவே அடங்கிவிடுகிறது. இயைபு, முடிந்துவிட்ட எண்ணத்தின் ஓசை. இயைபில்லாச் செய்யுள், நடந்துகொண்டிருக்கும் எண்ணத்தின் ஓசை. நாடகத்துக்கு இரண்டும் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடத்தில்தான் நாடகம் நிகழ்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

அடியும் தொடையும்

ஆங்கில யாப்பை அணுகத் தமிழ் யாப்பறிவு நல்ல துணை. நம் யாப்பில் அசையை நேர், நிரை என்று பிரிப்பது குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைக் கொண்டு. ஆங்கிலத்தில் அசைக்கு விழும் அழுத்தமே கணக்கு. அழுத்தமில்லாத ஓர் அசை, அடுத்து அழுத்தமுள்ள ஓர் அசை: இது ஒரு சீர், பெயர் ‘ஐயாம்ப்’. இத்தகைய சீர்கள் ஐந்து அடுக்கினால் பத்து அசை கொண்ட ஓரடி. நாம் நெடிலடி என்போம். அவர்கள் ‘பென்டாமீட்டர்’ என்பார்கள். நாற்சீர் அடி நமக்கு அளவடி. மந்திரம், தாலாட்டு, தெருப்பாடல் எல்லாம் அங்கே பெரும்பாலும் அளவடியில் நடக்கும்.

தொடையில்தான் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு. தமிழ்க்காது முதலில் தேடுவது அடியின் தொடக்கத்தை: மோனை, எதுகை. அடியிறுதியில் ஒலி ஒன்றிவரும் இயைபு நமக்கு இன்னொரு தொடை, அவ்வளவே. ஆங்கிலத்தில் ‘ரைம்’ என்றாலே அந்த இறுதி இயைபுதான். எந்தத் தொடையும் அமையாமல் அடிகள் வந்தாலும் அதைக் குறை என்று தள்ளாமல், ‘செந்தொடை’ என்று பெயரிட்டுத் தொடைகளின் வரிசையிலேயே நம் இலக்கணிகள் வைத்தார்கள். இல்லாமையும் ஓர் அமைப்பே என்று கண்ட அந்த நுட்பம், பிளாங்க் வெர்ஸைப் புரிந்துகொள்ள மிகச் சிறந்த திறவுகோல். ஆங்கிலக் கவிகள் செந்தொடையிலும் மோனையைத் தாராளமாகக் கையாண்டார்கள் என்பதால் இரண்டும் அப்படியே ஒன்றல்ல. ஆனாலும் இக்கட்டுரையில் இயைபற்ற ஐஞ்சீர் அடியைச் செந்தொடை என்றே குறிக்கிறேன்.

இயைபோடு பிறந்த நாடகம்

பழைய ஆங்கிலக் கவிதை இயைபை நம்பியிருக்கவில்லை. ‘பியோவுல்ஃப்’ காப்பியத்தின் அடிகளைக் கோப்பது மோனை. இலத்தீன் துதிப்பாடல்களும், 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு வந்த பிரெஞ்சுப் பாடல்களும் இறுதி இயைபை அங்கே வேரூன்றச் செய்தன. நகரத் தொழிற்குழுக்கள் வீதிகளில் வண்டிமேடை இழுத்து நடித்த விவிலிய நாடகங்கள் முழுக்க இயைபில் அமைந்தவை. யார்க் நகரத்து நாடகத் தொகுதியில் மோனையும் இயைபும் சேர்ந்தே ஒலிக்கும். இதில் கலைநயத்தோடு நடைமுறைத் தேவையும் இருந்தது. நடித்தவர்கள் தச்சர்களும் கொல்லர்களும் மீன் விற்பவர்களும். நீண்ட பகுதியை நினைவில் நிறுத்த இயைபு உதவியது. திறந்தவெளி இரைச்சலில், ஒருவர் பேச்சு முடிந்தது என்பதைக் கேட்பவருக்கும் அடுத்து பேச வேண்டியவருக்கும் உணர்த்தியது.

பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் நிக்கலஸ் உடால் எழுதிய ‘ரால்ஃப் ராய்ஸ்டர் டாய்ஸ்டர்’ நகைச்சுவை நாடகமும் இயைபில்தான் நடந்தது. தாமஸ் பிரெஸ்டனின் ‘கேம்பைசஸ்’ துன்பியலில் பதினான்கு அசை கொண்ட எழுசீர்க் கழிநெடிலடிகள் இரண்டிரண்டாக இயைந்து வந்தன. பெரும் சோகத்தைச் சொல்ல வேண்டிய இடத்திலும் அந்த அடி குதிரைக் குளம்புபோல ஒரே தாளத்தில் ஓடியது. ஒரு தலைமுறை கழித்து, ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில் ஃபால்ஸ்டாஃப் அரசனாக நடித்துக் காட்டும்போது, கேம்பைசஸ் மன்னனின் பாணியில் பேசப்போகிறேன் என்று அறிவிப்பான். பழைய ஓசை அதற்குள் கேலிக்குரியதாகிவிட்டிருந்தது.

செந்தொடை வந்த வழி

செந்தொடை நாடகத்துக்காகப் பிறந்ததல்ல. காப்பிய மொழிபெயர்ப்புக்காகப் பிறந்தது. சர்ரே பிரபு ஹென்றி ஹோவர்ட், வெர்ஜிலின் ‘ஈனிட்’ காப்பியத்தின் இரண்டாம், நான்காம் காண்டங்களை 1540ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலமாக்கினார். இலத்தீன் மூலத்தில் இயைபு இல்லை. இத்தாலியக் கவிஞர்கள் அதற்கு முன்பே இயைபற்ற அடிகளில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். சர்ரே அந்த வழியில் ஐஞ்சீர் அடியை எடுத்துக்கொண்டு இயைபைக் கழற்றிவிட்டார். எட்டாம் ஹென்றியின் ஆணையால் 1547 ஜனவரியில் அவர் தலை வெட்டப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1557இல், ரிச்சர்ட் டாட்டெல் அந்த இரு காண்டங்களையும் அச்சிட்டார்.

அடுத்த அடி சட்டம் பயின்ற இருவருடையது. தாமஸ் நார்ட்டனும் தாமஸ் சாக்வில்லும் எழுதிய ‘கார்போடக்’, லண்டன் இன்னர் டெம்பிள் சட்டக்கழகத்தில் 1561ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விழாவில் அரங்கேறியது. 1562 ஜனவரியில் எலிசபெத் அரசி முன்னிலையில் மீண்டும் நடந்தது. மன்னன் தன் நாட்டை இரு மகன்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, குலமும் நாடும் அழியும் கதை. செந்தொடையில் எழுந்த முதல் ஆங்கில நாடகம் இது. இதில் பெரும்பகுதி அமைச்சர்களின் ஆலோசனை. பங்கிடலாமா, கூடாதா என்று காரணம் அடுக்கி வாதிடுகிறார்கள். அடிக்கொரு இயைபு வந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் வாதம் நீள முடியாது. ஆனால் முதல் நான்கு அங்கங்களின் முடிவிலும் நீதி சொல்ல வரும் குழுவினருக்கு அந்த ஆசிரியர்கள் இயைபையே கொடுத்தார்கள். எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்குச் செந்தொடை, எண்ணி முடித்தவர்களுக்கு இயைபு. முதல் நாடகத்திலேயே அந்தப் பாகுபாடு விழுந்துவிட்டது.

கார்போடக்கின் அடிகள் கனமானவை. ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் மூச்சுவிட்டு நிற்பவை. அவற்றுக்கு இறக்கை தந்தவர் கிறிஸ்டோஃபர் மார்லோ. 1587 வாக்கில் மேடையேறி 1590இல் அச்சான ‘டாம்பர்லேன்’ நாடகத்தின் முன்னுரைப் பாவிலேயே, இயைபு தட்டும் பழைய கூத்துமரபை விட்டுப் போர்முனைக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன் என்ற தொனியில் அறைகூவினார். ஆட்டிடையனாகப் பிறந்து உலகை வெல்லப் புறப்பட்டவனின் பேராசைக்கு, எல்லை காட்டாத அடி வேண்டியிருந்தது. நடிகர் எட்வர்ட் அலைனின் குரலில் அந்த அடிகள் லண்டனைப் பிடித்துக்கொண்டன. 1593இல், 29 வயதில், டெட்ஃபர்டில் மார்லோ குத்திக் கொல்லப்பட்டபோது செந்தொடை ஆங்கில மேடையின் இயல்பான மொழியாகியிருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து ஷேக்ஸ்பியரின் முதல் ஃபோலியோவுக்கு எழுதிய பாடலில் பென் ஜான்சன் மார்லோவின் அடியின் வலிமையைத் தனியே குறிப்பிட்டுப் புகழ்ந்தார்.

இதே காலத்தில் அறிஞர்களிடையே இயைபு வழக்கு சூடாக நடந்தது. ரோஜர் ஆஸ்கம், இயைபு கிரேக்க, ரோமானிய மேன்மையில் இல்லாதது, காட்டுமிராண்டிக் கூட்டங்கள் கொண்டுவந்தது என்று 1570இல் வெளியான நூலில் சாடினார். இயைபுப் பாடல்களுக்குப் பெயர்போன தாமஸ் கேம்பியனே 1602இல் இயைபுக்கு எதிராக நூல் எழுதினார். மறு ஆண்டே சாமுவேல் டேனியல் இயைபுக்காக வாதாடினார்: மக்கள் வழக்கமும் மொழியின் இயல்பும் ஏற்றுக்கொண்டதைப் பண்டைய இலக்கணம் காட்டி விலக்க முடியாது என்றார். அந்த டேனியலும் துன்பியல் நாடகத்தை விட்டுக்கொடுத்தார். துன்பியலுக்குச் செந்தொடையே பொருந்தும்; குழுப்பாடலிலும், ஒரு பொன்மொழி ஈரடியில் நிற்க வேண்டிய இடத்திலும் மட்டும் இயைபு வரட்டும் என்பது அவர் தீர்ப்பு. இயைபின் வழக்கறிஞரே வகுத்துக் கொடுத்த எல்லை என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

ஷேக்ஸ்பியர்: தாவும் இடங்கள்

ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஒட்டுமொத்தமாக எடுத்தால் ஏறத்தாழ முக்கால் பங்கு செய்யுள், கால் பங்கு உரைநடை. செய்யுளில் பெரும்பகுதி செந்தொடை. அதனால் இயைபு வரும் ஒவ்வொரு இடமும் ஒரு தேர்வு.

மிக எளிய பயன், காட்சி முடிவு. அன்றைய மேடையில் முன்திரை கிடையாது. காட்சி முடிந்தது, அடுத்தவர்கள் வரலாம் என்பதை ஈரடி இயைபு அறிவித்தது. நடிகர்களுக்கு முழு நாடகப் பிரதி கிடைக்காது. தன் பேச்சும், அதற்கு முன் பேசுபவரின் கடைசிச் சில சொற்களும் எழுதிய தாள்சுருள் மட்டுமே கைக்கு வரும். ராபர்ட் கிரீனின் ‘ஆர்லாண்டோ ஃபியூரியோசோ’வுக்காக அலைன் வைத்திருந்த அத்தகைய பகுதி டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. ஆனால் இந்த அறிவிப்பு மணியையும் ஷேக்ஸ்பியர் நாடகமாக்கினார். டங்கனைக் கொல்லப் போகும் மேக்பெத், உள்ளிருந்து மணியோசை கேட்டதும் ஈரடி இயைபோடு மேடை நீங்குகிறான். அதுவரை செந்தொடையில் கண்முன் கத்தி தெரிகிறதா இல்லையா என்று தவித்த மனம் அந்த இயைபில் பூட்டிக்கொள்கிறது. முடிவு எடுத்தாயிற்று, இனி யோசனை இல்லை.

‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டில் காதலர் முதன்முதல் பேசிக்கொள்ளும் இடம் இன்னும் வியப்பானது. விருந்துக்கூட்டத்தின் நடுவே இருவரும் மாறிமாறிப் பேசும் பேச்சு, பதினான்கு அடிகளில் ஒரு முழு சானெட்டாக அமைகிறது. அவன் ஒரு நாலடி தொடங்கினால் அவள் அதே இயைபை எடுத்து இன்னொரு நாலடி நெய்கிறாள். கடைசி ஈரடியில் ஓரடி அவளுடையது, ஓரடி அவனுடையது. முத்தம். உடனே இரண்டாவது சானெட் தொடங்குகிறது. நாலு அடி முடிந்ததும் செவிலித்தாய் குறுக்கிட்டு, அம்மா கூப்பிடுகிறார் என்கிறாள். அந்த சானெட் முடியவே இல்லை. இந்தக் காதலின் விதி முழுவதும் அந்த அறுபட்ட பாவில் இருக்கிறது. ரோசலினை எண்ணி ஏங்கிய நாட்களில் ரோமியோ இயைபு இயைபாகப் பெருமூச்சு விட்டவன். அது ஏட்டில் கற்ற காதல். ஜூலியட் நள்ளிரவில் மாடத்தில் நின்று தனக்குத்தானே பேசும்போது பேச்சு செந்தொடைக்கு வந்துவிடுகிறது. பெயரில் என்ன இருக்கிறது என்று அவள் உண்மையாகவே யோசிக்கிறாள். அதற்கு அடுத்த காட்சியில் மூலிகைக் கூடையோடு வரும் துறவி லாரன்ஸ் ஈரடி ஈரடியாகப் பேசுகிறார். அவரிடம் இருப்பவை தயாரான நீதிகள்.

நீதிமொழியின் போதாமையை ‘ஒதெல்லோ’வின் முதல் அங்கம் நேரடியாகவே காட்டுகிறது. மகள் ஒதெல்லோவை மணந்துவிட்டதில் மனமுடைந்து நிற்கும் பிரபான்ஷியோவுக்கு வெனிஸ் ஆட்சித் தலைவர் ஆறுதல் சொல்கிறார்: போனதை நினைத்து அழுவது புதுத் துன்பத்தை வரவழைப்பது என்பது போன்ற வழவழப்பான ஈரடிகள். பிரபான்ஷியோ அதே ஈரடி இயைபில் திருப்பித் தருகிறார். உடைந்த நெஞ்சு காதின் வழியே ஆறியதாக நான் கேட்டதில்லை என்பது அவர் பதிலின் சாரம். உடனே ஆட்சித் தலைவர் துருக்கியர் படையெடுப்பைப் பற்றி உரைநடையில் பேசத் தொடங்கிவிடுகிறார். சில நிமிடங்களில் செந்தொடை, இயைபு, உரைநடை மூன்றும் வந்துபோகின்றன. ஆறுதலில் ஈரம் இல்லை, அரசுக்கு அவசர வேலை இருக்கிறது என்பதை அந்த ஓசைமாற்றமே சொல்லிவிடுகிறது.

‘இரண்டாம் ரிச்சர்ட்’ முழுக்க முழுக்கச் செய்யுள், இயைபும் நிறைய. அரியணையில் இருக்கும்போது சடங்கும் அலங்காரமும் ஒலிக்கும் அந்த நாடகத்தில், முடியிழந்து சிறையில் தனியே இருக்கும் ரிச்சர்ட் அறுபதுக்கும் மேற்பட்ட அடிகளில் ஒரு தனிமொழி பேசுகிறான். இந்தச் சிறையை உலகத்தோடு எப்படி ஒப்பிடுவது என்று தொடங்கி, ஒப்புமை சரியாக வரவில்லை என்று திணறி, மீண்டும் முயல்கிறான். அடியிறுதியில் இயைபு தேடவே இல்லை. வாழ்நாளில் முதன்முறையாக அவன் உண்மையில் யோசிக்கிறான். செந்தொடை அவனை யோசிக்க விடுகிறது.

‘ஹாம்லெட்’டில் அரண்மனையில் நடிக்கப்படும் உள்நாடகம் ஈரடி இயைபில் இருக்கிறது. சுற்றிலும் பேசும் கதாபாத்திரங்களின் செந்தொடைக்கு நடுவே அது பழங்காலக் கூத்தாகவும், நடிப்பு என்று அப்பட்டமாகத் தெரிவதாகவும் ஒலிக்கிறது. செய்யுளுக்குள்ளேயே ‘உண்மை’, ‘நடிப்பு’ என்று இரு தளங்களை இயைபு பிரித்துக் கொடுக்கிறது. அதைப் பார்த்துக் கலங்கிய மன்னன் எழுந்து போனதும் ஹாம்லெட் களிவெறியில் ஒரு நாலடிப் பாட்டு சொல்கிறான். கடைசியில் காது எதிர்பார்க்கும் இயைபுச் சொல்லைச் சொல்லாமல் வேறொரு சொல்லைப் போடுகிறான். இயைபு வைத்தே சொல்லியிருக்கலாமே என்கிறான் ஹொரேஷியோ. சொல்லாமல் விட்ட அந்தச் சொல் அவன் காதிலும் அவையோர் காதிலும் விழுந்துவிட்டது. இல்லாத இயைபு, இருக்கும் இயைபைவிட உரக்கக் கேட்ட இடம் அது.

சூனியக்காரிகளும் தேவதைகளும் குறுகிய நாற்சீர் இயைபில் பேசுகிறார்கள். அழுத்தம் பெரும்பாலும் முதல் அசையிலேயே விழுந்து, மனிதப் பேச்சின் நடையிலிருந்து விலகி நிற்கிறது. அறிவு கலங்கியவர்கள் உரைநடைக்குச் சரிகிறார்கள்: தூக்கத்தில் நடக்கும் மேக்பெத் சீமாட்டிக்குச் செய்யுள் இல்லை. தாழ்ந்தோருக்கு உரைநடை, உயர்ந்தோருக்குச் செய்யுள் என்ற பாடப்புத்தக விதி இங்கே உடைகிறது. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் மக்கள் முன் உரைநடையில் பேசும் புரூட்டஸ் பிரபுதான். அவர் கேட்பவரின் அறிவை நாடினார். அடுத்துச் செந்தொடையில் பேசிய ஆண்டனி அவர்கள் நெஞ்சைக் கொண்டுபோனார்.

எண்ணிக்கையும் எச்சரிக்கையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் இந்த வேறுபாட்டைக் கால ஆராய்ச்சிக்கு ஆதாரமாக்கினார்கள். ஃபர்னிவல் 1873இல் லண்டனில் தொடங்கிய நியூ ஷேக்ஸ்பியர் சொசைட்டியில் எஃப். ஜி. ஃப்ளே மறு ஆண்டு யாப்புச் சோதனைகளை முன்வைத்தார். அவர் கணக்கில் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் இயைபு அடிகள் ஆயிரத்துக்கு மேல். ‘டெம்பெஸ்ட்’டில் பாடல்களும் உள்ளமைந்த கூத்தும் நீங்கலாக இரண்டே. ‘வின்டர்ஸ் டேல்’ நாடகத்தில், பதினாறு ஆண்டு கடந்ததைச் சொல்ல வரும் ‘காலம்’ என்ற பாத்திரத்தின் பேச்சு நீங்கலாக, ஒன்றுமில்லை. இளமையில் இயைபு, முதுமையில் செந்தொடை என்ற நேர்கோடு இதிலிருந்து பிறந்தது.

அந்தக் கோடு அவ்வளவு நேரானதல்ல. மிக முந்தியவையான ‘ஆறாம் ஹென்றி’ வரிசை நாடகங்களில் இயைபு, அடுத்து வந்தவற்றைவிடக் குறைவு. இயைபு பொங்கி வழிவது 1594 முதல் 1596 வரையிலான ஆண்டுகளில் என்று கருதப்படும் நாடகங்களில். அதற்குச் சற்று முன், கொள்ளைநோயால் 1592 முதல் அரங்குகள் மூடிக் கிடந்தபோது, ‘வீனஸ் அண்ட் அடோனிஸ்’, ‘லூக்ரீஸ்’ என்ற இரு நீண்ட இயைபுக் கவிதைகளை ஷேக்ஸ்பியர் எழுதி வெளியிட்டிருந்தார். அந்தக் கை அரங்குக்குத் திரும்பியபோது இயைபைக் கூட்டிவந்தது என்று கொள்வதே பொருத்தம். இயைபு அவருக்குக் குழந்தைப்பருவ ஊன்றுகோலாக இருக்கவில்லை. நன்கு தேறிய பிறகு விரும்பிக் கையிலெடுத்த கருவி அது.

கடைசி நாடகங்களில் மாறியது செந்தொடையின் உள்கட்டு. வாக்கியம் அடியிறுதியில் நிற்காமல் அடுத்த அடிக்குள் பாய்கிறது. பதினோராவது அசை ஒன்று அழுத்தமின்றி ஒட்டிக்கொள்கிறது. ஒருவர் தொடங்கிய அடியை மற்றவர் முடிக்கிறார். கொலைக்குப் பின் மேக்பெத்தும் மனைவியும் ஓரிரு சொற்களாக ஓரடியைப் பங்கிட்டுக்கொள்ளும்போது, இருவர் மூச்சும் ஒரே அடிக்குள் திணறுவது கேட்கிறது. பதினோராம் அசைமீது தீராப் பற்றுக் கொண்டவர் ஜான் ஃப்ளெட்சர். அந்த அடையாளத்தைக் கொண்டே ஜேம்ஸ் ஸ்பெடிங் 1850இல் ‘எட்டாம் ஹென்றி’யில் ஃப்ளெட்சரின் கையையும் ஷேக்ஸ்பியரின் கையையும் பிரித்துக் காட்டினார்.

இயைபு மீண்ட பதினைந்து ஆண்டுகள்

1642இல் பாராளுமன்றம் அரங்குகளை மூடியது. 1660இல் இரண்டாம் சார்லஸ் பட்டமேறியதும் அவை திறந்தன. பிரான்ஸில் அடைக்கலம் இருந்த மன்னருக்கு அந்நாட்டு நாடகச் சுவை பிடித்திருந்தது. கார்னெயின் நாடகங்கள் பன்னிரண்டு அசை ஈரடி இயைபில் அமைந்தவை. பிரெஞ்சில் சொல்லழுத்தம் மெல்லியது. அடி எங்கே முடிகிறது என்று காட்ட இயைபு அங்கே மிகவும் தேவை. ஆங்கிலத்தில் அழுத்தமே அந்த வேலையைச் செய்துவிடும். இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் ஐஞ்சீர் ஈரடி இயைபில் வீர நாடகங்கள் பெருகின. ஜான் டிரைடன், ராபர்ட் ஹோவர்டோடு சேர்ந்து எழுதிய ‘இந்தியன் குவீன்’ 1664இல் மேடையேறியது. ‘கான்க்வெஸ்ட் ஆஃப் கிரனடா’வில் அந்த மரபு உச்சம் தொட்டது.

டிரைடனின் 1668ஆம் ஆண்டு நாடகக் கவிதைக் கட்டுரை இந்த வழக்கின் மிகச் சிறந்த ஆவணம். 1665 ஜூன் 3, ஆங்கில, டச்சுக் கப்பற்படைகள் மோதும் பீரங்கி ஓசை லண்டனுக்கே கேட்கும் நாள். தேம்ஸ் நதியில் படகில் போகும் நண்பர்கள் நால்வர் நாடகத்தைப் பற்றி வாதிடுகிறார்கள். யாரும் திடீரென்று இயைபில் பேசுவதில்லை, அதிலும் ஒருவர் தொடங்கிய ஈரடியை மற்றவர் முடிப்பது இயற்கைக்குப் புறம்பு என்கிறார் கிரைட்டஸ். செந்தொடையிலும்தான் யாரும் பேசுவதில்லை என்கிறார் நியாண்டர். துன்பியல் காட்டுவது இயற்கையைத்தான், ஆனால் உயர்த்திய இயற்கையை; கட்டற்றுப் போகும் கற்பனைக்கு இயைபு கடிவாளம் என்பது அவர் வாதம். நியாண்டர் டிரைடனேதான். வாதம் கூர்மையானது. முதல் பாதியை இன்றும் மறுக்க முடியாது.

மறுத்தது மேடை அனுபவம். ஐந்து அங்கங்கள் ஈரடி ஈரடியாகவே நடந்தால் தாவுவதற்கு இடமில்லை. காதல், கோபம், அரச ஆலோசனை, மரணம் எல்லாம் ஒரே பூட்டில் பூட்டப்படுகின்றன. 1675இல், டெல்லியில் ஔரங்கசீப் ஆண்டுகொண்டிருந்தபோதே அவர் பெயரில் எழுதிய நாடகத்தின் முன்னுரைப் பாவில், நெடுநாள் காதலியான இயைபிடம் சலிப்புத் தட்டிவிட்டது என்று டிரைடன் மனம் திறந்தார். இரண்டு ஆண்டில் ஆண்டனி, கிளியோபாத்ராவின் கதையை ‘ஆல் ஃபார் லவ்’ என்று செந்தொடையில் எழுதினார். ஷேக்ஸ்பியரைப் பின்பற்றியதாக வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டார். தன் வாதத்தைத் தன் படைப்பாலேயே திருத்திக்கொண்ட அந்த நேர்மை பெரிது.

அதே ஆண்டுகளில் மில்டன் எதிர்த்துறையில் நின்றார். ‘பாரடைஸ் லாஸ்ட்’ 1667இல் வெளியானது. மறு ஆண்டு பிரதிகளில் சேர்த்த குறிப்பில், கவிதையின் உண்மையான இசை அடியிறுதி ஒலிகளில் இல்லை, பொருள் ஓரடியிலிருந்து மற்றோரடிக்குப் பலவிதமாக நீண்டு செல்வதில் இருக்கிறது என்றார். அது காப்பியத்துக்குச் சொன்னது. ஆனால் மேக்பெத்தின் தனிமொழிக்கும் சிறையில் ரிச்சர்டின் யோசனைக்கும் அதைவிடச் சரியான உரை கிடைப்பது கடினம்.

வெற்றிக்குப் பின் வந்த வறட்சி

வழக்கில் செந்தொடை வென்றது. வென்றபின் உறைந்தது. அடிசனின் ‘கேட்டோ’ 1713இல் பெரும் புகழ் பெற்றது. அது செந்தொடை, அங்க முடிவுகளில் ஈரடிகள். அடுத்த நூற்றாண்டில் வேர்ட்ஸ்வொர்த், கீட்ஸ், ஷெல்லி, பிரௌனிங், டெனிசன் எல்லோரும் செந்தொடை நாடகம் எழுதினார்கள். மேடையில் நிலைத்தவை குறைவு. எல்லாவற்றிலும் ஷேக்ஸ்பியரின் எதிரொலி. எதிரொலி யோசிக்காது.

டி. எஸ். எலியட் இந்த நோயைச் சரியாகக் கண்டார். பேச்சின் நெளிவை இழந்துவிட்ட கறாரான செந்தொடையே முந்தைய நூற்றாண்டுக் கவிகளை அரங்கில் தோற்கடித்தது என்றார். 1935இல் கேன்டர்பரியில் அரங்கேறிய ‘மர்டர் இன் தி கதீட்ரல்’ எழுதும்போது ஷேக்ஸ்பியரைத் தவிர்த்து, இடைக்கால ‘எவ்ரிமேன்’ நாடகத்தின் யாப்பை மனத்தில் நிறுத்திக்கொண்டதாகச் சொன்னார். செந்தொடைக்கு முந்திய இயைபு நாடகத்துக்கே ஆங்கிலம் திரும்பிச் சென்று மூச்சு வாங்கியது.

தமிழிலும் இந்தக் கேள்வி ஒரு முறை உயிரோடு வந்து நின்றிருக்கிறது. திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டனின் ஆங்கிலக் கதைக்கவிதை ஒன்றைத் தழுவி 1891இல் ‘மனோன்மணீயம்’ வெளியிட்டார். ஆங்கில நாடகத்தின் அங்கம், களம் என்ற அமைப்பை எடுத்துக்கொண்டவர், அதன் பேச்சுக்கு நம் ஆசிரியப்பாவைப் பெருமளவில் தேர்ந்தார். எத்தனை அடியும் நீளலாம். ஓசை பேச்சுக்கு அருகில் நிற்கும். சர்ரே தேடியதை அவர் நம் யாப்பிலேயே கண்டெடுத்தார்.

கேட்டுப் படிக்க

இன்றைய வாசகருக்கு ஒரு தடை உண்டு. ஷேக்ஸ்பியர் காலத்து உச்சரிப்பு வேறு. ‘லவ்’, ‘ப்ரூவ்’ அன்று இயைந்தவை. இன்று கண்ணுக்கு மட்டும் இயைகின்றன. 2004இல் லண்டன் குளோப் அரங்கு, மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டல் வழிகாட்ட, ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டை அக்கால உச்சரிப்பில் நடத்தியபோது மங்கிப்போயிருந்த இயைபுகள் மீண்டும் ஒலித்தன. செந்தொடைக்கு எதிர்ப்பக்கத் தடை: அடி முடிவது காதுக்கே தெரியாது, அது கண்ணுக்கு மட்டும் செய்யுள் என்ற பழைய குற்றச்சாட்டை டாக்டர் ஜான்சன் ஆதரவோடு எடுத்துரைத்தார். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

படிக்கும்போது மூன்று கேள்விகள் போதும். இயைபு எங்கே தொடங்குகிறது? யார் யாருடைய இயைபை முடிக்கிறார்? எங்கே அது அறுந்துபோகிறது? இவற்றை எழுப்பிக்கொண்டு கேட்பவருக்கு யாப்பு, தேர்வுக்கான விளக்கமாக இராது. பாத்திரத்தின் நாடித்துடிப்பாக இருக்கும். ரோமியோவும் ஜூலியட்டும் தொடங்கிய இரண்டாவது சானெட்டில் இன்னும் பத்து அடிகள் பாக்கி. செவிலித்தாய் கூப்பிட்டது கேட்டது. அந்தப் பத்தடியின் மௌனமும் கேட்டால், நாடகம் நமக்கு வசப்பட்டுவிட்டது.